அன்னார் யாருடைய யார்? – யாழ்ப்பாணத்து நினைவு மலர்களில் மனைவி, தாய், பேத்தியார்

ஒன்றரைப் பக்க வாழ்க்கை

என் அம்மம்மா 2003இல், 81 வயதில் இறந்தார். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு முடிந்து புறப்படும்போது ஆளுக்கொரு நினைவு மலர் கொடுத்தோம். 48 பக்கம். அட்டையில் ‘சிவமயம்’, அதன் கீழே அவருடைய படம், படத்தின் கீழே தோற்றமும் மறைவும். உள்ளே சிவபுராணம், கந்தசஷ்டி கவசம், சகலகலாவல்லிமாலை, பஞ்சபுராணம் என்று முக்கால்வாசி போய்விட்டது. ‘வாழ்க்கை வரலாறு’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது ஒன்றரைப் பக்கம். அதிலும் அரைப் பக்கத்தை அம்மப்பாவின் உத்தியோக இடமாற்றங்கள் எடுத்துக்கொண்டன.

எஞ்சிய ஒரு பக்கத்தில் அம்மம்மாவை எழுவாயாகக் கொண்ட வினைமுற்றுகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். பிறந்தார், கற்றார், கரம்பற்றினார், ஈன்றெடுத்தார், வளர்த்தார், இறைபதம் எய்தினார். ஆறே ஆறு. மற்றவை எல்லாம் பெயர்ப் பயனிலைகள்: பண்பானவர், பொறுமையானவர், விருந்தோம்பலிற் சிறந்தவர், கணவனின் நிழலானவர்.

இந்த வறுமைக்கு எது காரணம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழக்கமான விடை ஒன்று கைவசம் இருக்கிறது. மரண அறிவித்தலும் நினைவு மலரும் பெண்ணை ‘இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் பேத்தியார்’ என்று உறவுமுறைகளாகப் பிரித்துப் போடுகின்றன. அந்த வாய்பாட்டுக்குள் ஆள் தொலைந்துபோகிறாள் என்பது அந்த விடை. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். இப்போது நம்பவில்லை. மலரில் ஓரளவாவது உண்மை பேசும் பகுதி அந்த உறவுப் பட்டியல்தான் என்றும், ஆளைத் தொலைப்பது அதன் பக்கத்தில் இருக்கும் புகழுரை என்றும் நினைக்கிறேன்.

எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது யாழ்ப்பாணத்துச் சைவ மரபு மலர்களைப் பற்றி. கிறிஸ்தவக் குடும்பங்களின் மலர்களுக்கு வேறு மொழியும் வேறு ஒழுங்கும் உண்டு. அதைவிட முக்கியமானது, மலர் அச்சிடுவதற்குக் காசும், வம்சாவளி காட்டும் ஆசையும், காட்டினால் மதிக்கும் சபையும் வேண்டும் என்பது. இவை மூன்றும் நீண்ட காலமாகப் பெரும்பாலும் வெள்ளாளக் குடும்பங்களிடமே இருந்தன. செத்தவீட்டில் பறை அடித்தவரின் மனைவிக்கு மலர் வந்ததில்லை. மலர்களைச் சான்றாகக் கொள்ளும் எந்த ஆய்வும் இந்த ஓட்டையோடுதான் தொடங்குகிறது.

கல்லிலிருந்து தாளுக்கு

தமிழகத்து வாசகருக்குக் ‘கல்வெட்டு’ என்றால் தஞ்சைப் பெரிய கோயில் சுவர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் வயதானவர்களிடம் கேட்டால், அந்தியேட்டியன்று வாசிக்கும் செய்யுட் புத்தகத்தைச் சொல்வார்கள். “கல்வெட்டு வாசிச்சாச்சோ?” என்பது பந்தியில் இலை போடுவதற்கு முன் கேட்கப்படும் கேள்வி. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் வகுத்த காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்ற ஆறு நிலைகளையும் இதனோடு நேராகப் பொருத்துவது மிகை. ஆனால் இறந்தவரின் பெயரை ஊரறிய நிறுத்தும் செயலுக்கு மக்கள் கல்லின் பெயரையே வைத்தார்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

அச்சுக்கு வந்த இரங்கற் செய்யுளுக்குச் ‘சரமகவி’ என்ற பெயரும் உண்டு. 1879இல் ஆறுமுக நாவலர் இறந்தபோது புலவர்கள் அவர்மீது சரமகவி பாடினார்கள். அறிஞருக்குப் பாடிய வடிவம் மெல்ல ஊர்ப் பெரியவருக்கும், பிறகு அவர் மனைவிக்கும் இறங்கி வந்தது. கல்வெட்டின் ஒழுங்கு ஏறத்தாழ நிலையானது. விநாயகர் துதியில் தொடங்கும், நாட்டு வளம், ஊர் வளம், குல மரபு சொல்லும், திருமணம், மக்கட்பேறு, மக்களின் உத்தியோகம் என்று நகரும், முடிவில் புலம்பல்கள். நடுவில் எங்கோ திதி வெண்பா இருக்கும். ஆண்டின் பெயர், மாதம், பக்கம், திதி ஆகியவற்றை நான்கடிக்குள் அடைக்கும் இந்த வெண்பாவைக் கவிதை என்று யாரும் வாசிப்பதில்லை. அடுத்த ஆண்டு ஆட்டத் திவசத்துக்கு நாள் பார்க்க அது வேண்டும். மலரில் ஐயமின்றிப் பயன்படும் ஒரே செய்யுள் அதுதான் என்று எங்கள் ஊர்த் தமிழ் வாத்தியார் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவரே நூற்றுக்குக் குறையாமல் எழுதியவர்.

புலம்பல்களில் ஒரு விந்தை இருக்கிறது. கணவன் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று தனித்தனித் தலைப்பு இருக்கும். எல்லாவற்றையும் எழுதுபவர் ஒருவரே, பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் இறந்தவரை நன்கு அறியாதவர். பத்து வயதுப் பேத்தி எண்சீர் விருத்தத்தில் அழுவாள். செத்த அன்றோ பின்கூடத்தில் பெண்கள் பிணத்தைச் சுற்றி இருந்து தங்கள் சொந்தச் சொல்லில் ஒப்பாரி வைத்திருப்பார்கள். அது அச்சுக்கு வராது. மு. இராமலிங்கம் போன்ற நாட்டாரியலாளர்கள் தேடிப் பதிவுசெய்யாவிட்டால் யாழ்ப்பாணத்து ஒப்பாரியில் எவ்வளவோ நமக்குக் கிடைத்திருக்காது.

ஒப்பாரி என்ன செய்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தமிழகத்துக் கிராமங்களில் ஆய்வுசெய்த இசபெல் கிளார்க்-தெசே, அழும் பெண்கள் இறந்தவருக்காக அல்லாமல் தங்கள் சொந்தக் குறைகளுக்காகவே அழுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். 2005இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் கேட்டு வளர்ந்த ஒப்பாரிக்கு இது பாதிதான் பொருந்தும். சீதனம் குறைந்த கதையும், அண்ணன் பெண்சாதி பேசிய பேச்சும் அதில் வரும் என்பது சரி. ஆனால் அவற்றுக்கு நடுவே செத்தவள் செய்தவையும் வந்துவிடும்: யாருடைய பிரசவத்துக்கு இரவில் அரிக்கன் லாம்போடு போனாள், எந்த ஆண்டு தாலிக்கொடியை அடைவு வைத்தாள், யாருக்குத் தெரியாமல் யாருக்கு அரிசி அளந்து கொடுத்தாள். மலரில் இல்லாத வினைச்சொற்கள் அங்கேதான் கிடந்தன. சுடலைக்குப் பெண்கள் போவதில்லை, படலையோடு நின்றுவிடுவார்கள். அந்தச் சொற்களும் படலையோடு நின்றுவிட்டன.

இரண்டு வாசிப்புகள்

இந்த மலர்களைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றை இரண்டு போக்குகளுக்குள் அடக்கலாம்.

முதலாவது, பெண்ணிய வாசிப்பு. 1980களில் யாழ்ப்பாணத்தில் பெண்கள் வாசிக்கவும் எழுதவும் வட்டங்களாகக் கூடியபோது, 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பு வந்தபோது, தாய், மனைவி என்ற பாத்திரங்களுக்கு வெளியே ஒரு ‘நான்’ உண்டா என்ற கேள்வி முதன்முதலாக வலுவாக எழுந்தது. அந்தக் கேள்வியோடு ஒரு மரண அறிவித்தலை வாசித்தால் எவருக்கும் மூச்சு முட்டும். “அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் ஆருயிர் மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், அன்பு மாமியாரும், பேத்தியும், பூட்டியும் ஆவார்.” முழு வாக்கியத்திலும் அவளுக்கென்று இருக்கும் பயனிலை ‘ஆவார்’ மட்டும்.

(இங்கே தமிழகத்து வாசகர் தடுமாறக்கூடும். 81 வயதுக்காரி எப்படிப் பேத்தி ஆனாள்? யாழ்ப்பாண வழக்கில் பேரன், பேத்தி என்ற சொற்கள் இரண்டு பக்கமும் ஓடும். பாட்டனும் பேரன், அவருடைய பேரனும் பேரன். பெயரைத் தாங்குபவன் பெயரன் என்றால், கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் ஒரே சொல் இருப்பதில் நியாயம் இல்லாமற் போகவில்லை.)

இரண்டாவது, சமூகவியல் வாசிப்பு. உறவுப் பட்டியல் துக்கத்துக்காக எழுதப்படுவதில்லை. சம்பந்தக் கணக்காகவே எழுதப்படுகிறது என்பது அதன் வாதம். மருமக்களின் பட்டங்கள், சம்பந்திகளின் ஊர்கள், மகனின் பதவி எல்லாம் ஏன் வருகின்றன? அடுத்த கலியாணத்தைப் பேசுகிறவர்கள் அதை வாசிப்பார்கள் என்பதால். சாதியைப் பெயர் சொல்லாமல் ஊர்ப்பெயரால் அறிவிக்கும் கலையும் இதில் அடங்கும்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டாவது வாசிப்பை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை; வம்சாவளிப் படத்தில் எந்தக் கிளை வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் சாதி மாறிக் கட்டியவர் யார் என்று தெரிந்துவிடும். முதலாவதோடு எனக்குள்ள வேறுபாடு, அது குற்றத்தைச் சுமத்தும் இடத்தைப் பற்றியது. பாத்திரமே இல்லாத பெண்ணின் மலர் எப்படி இருக்கும் என்று பார்த்தால் இது தெளிவாகும். தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) கடைசிவரை தந்தை பெயரையே தாங்கியவர். அவரைப் பற்றிய நினைவுரைகளில் வினைகளுக்குப் பஞ்சம் இல்லை: பேசினார், கட்டினார், சேர்த்தார், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். ஆயினும் அவரும் ‘அன்னை’ என்று அழைக்கப்பட்டவர். உறவுச்சொல் அவருடைய செயல்களை மறைக்கவில்லை. அப்படியானால், வீட்டில் இருந்த பெண்ணின் செயல்களை மட்டும் அதே சொல் எப்படி மறைத்தது?

ரோமாபுரியில் ஒரு மகன்

ஒப்பிட்டுப் பார்க்க மிகத் தொலைவில் ஒரு சான்று இருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், அகஸ்டஸ் காலத்தை ஒட்டி, மூர்தியா என்ற பெண் ரோமில் இறந்தாள். அவளுடைய முதல் கணவனுக்குப் பிறந்த மகன் அவளுக்காக இரங்கலுரை செய்து, அதைக் கல்லில் வெட்டிவைத்தான். ஒரு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதில் அவன் வெளிப்படையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறான்: நல்ல பெண்களுக்கான புகழுரை எல்லாம் எளிமையாகவும் ஒன்றுபோலவும்தான் இருக்கும், அவர்கள் வாழ்வில் வேறுபாடுகள் குறைவு, ஆகவே பொதுவான குணங்களைச் சொல்வதே போதும். பிறகு அந்தக் குணங்களை வரிசையாகச் சொல்கிறான்: அடக்கம், நேர்மை, கற்பு, பணிவு, கம்பளி நூற்றல், உழைப்பு, நம்பகம். எங்கள் ஊர்ப் புலவரிடம் கொடுத்திருந்தால் இதையே ஆசிரிய விருத்தத்தில் தந்திருப்பார்.

ஆனால் அந்தக் கல்லில் இதற்கு முன்னால் வரும் பகுதி வேறு. அவள் உயிலை எப்படி எழுதினாள் என்பதை மகன் துல்லியமாகச் சொல்கிறான். எல்லா மகன்களையும் சமமான உரிமையாளர்களாக்கினாள், மகளுக்கும் பங்கு வைத்தாள், கணவனுக்கு ஒரு தொகை விட்டாள், முதல் கணவன் சொத்திலிருந்து தன்னிடம் வந்ததை அந்தக் கணவனின் மகனான தனக்கே தனியாகத் திருப்பித் தந்தாள். இங்கே மூர்தியா வினைகளுக்கு எழுவாயாகிறாள். சொத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் மகனுடைய மொழியில் தாய் முடிவெடுக்கும் ஆளாகிவிடுகிறாள்; குணத்துக்குத் திரும்பியவுடன் மறுபடி எல்லாப் பெண்களையும் போல ஆகிவிடுகிறாள். இரண்டு பகுதியிலும் அவள் தாய்தான், மனைவிதான். மாறியது உறவுச்சொல் அன்று.

உறுதியில் இருப்பவள்

இந்தக் கண்ணாடியோடு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினால் ஒரு முரண் கண்ணில் குத்துகிறது. சொத்தைப் பொறுத்தவரை யாழ்ப்பாணப் பெண் ஆவணத்தில் இல்லாதவள் அல்லள். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, ஆங்கிலேயர் 1806இல் சட்ட வலுக் கொடுத்த அதே தேசவழமை, முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தை மூன்றாகப் பிரித்தது. சீதனம் பெண்ணுடையது. பழைய முறைப்படி தாயின் சீதனம் மகள்களுக்குப் போகும். வீடும் வளவும் சீதனமாக எழுதப்படுவது வழக்கமாக இருந்ததால் மணமகனே பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அம்மம்மாவின் வீட்டில் அம்மாவும், அம்மாவின் வீட்டில் மகளும் என்று வளவுக்குள்ளேயே தலைமுறைகள் நகரும். யாழ்ப்பாணத்தவர் நினைவுகளில் அம்மம்மா பெரிதாக நிற்பதற்கும் அப்பம்மா விருந்துக்குப் போகும் இடமாக இருப்பதற்கும் பாசத்தை விட இந்த வளவுக் கணக்கே முதற் காரணம் என்பது என் எண்ணம்.

இந்த உரிமையை மிகைப்படுத்தவும் கூடாது. 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், முதுசொம் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். பெயர் அவளுடையது, பேனா அவனுடையது. ஆனாலும் நொத்தாரிசு எழுதிய காணி உறுதியில் அவள் பெயர் முழுமையாக, எல்லைகளோடு, கிணற்றுப் பங்கோடு, வழிவாய்க்கால் உரிமையோடு இருக்கும்.

அதற்கு மேல் இன்னொன்று. ஆங்கிலேயர் காலத்திலிருந்து யாழ்ப்பாணத்து ஆண்கள் எழுதுவினைஞர்களாக, தபாலதிபர்களாக, ஆசிரியர்களாகத் தென்னிலங்கைக்கும் மலாயாவுக்கும் போனார்கள். ஊருக்கு வந்தது மணியோடர். ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. அந்தப் பெயரில் காசை அனுப்பியவர் தெரிகிறார். வாங்கிக் கையொப்பமிட்டு, அதில் தோட்டத்துக்கு எரு வாங்கி, வேலி அடைப்பித்து, கிடுகு பின்னுவித்து, சீட்டுக் கட்டி, மகளுக்கு நகை சேர்த்தவர் தெரியவில்லை. ஆண்டில் இருமுறை லீவில் வருகிற கணவன் குடும்பத் தலைவன். மீதிப் பத்து மாதமும் குடும்பத்தை நடத்தியவள் அவன் ‘நிழல்’.

என் அம்மம்மா புகையிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டவர். குத்தகைக்காரனோடு நேரில் நின்று விலை பேசியவர். ஒடியலும் பனாட்டும் கொழும்புக்கு அனுப்பி, அம்மப்பாவுக்குத் தெரியாத ஒரு கணக்கு வைத்திருந்தவர். இளைய மகளின் சீதனத்துக்கு மூத்த மகளின் நகையைக் கேட்டு வாங்கி, ஏழு ஆண்டில் பவுண் கணக்கில் திருப்பிக் கொடுத்தவர். 1995 ஒக்டோபர் 30இல் போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, காணி உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துத் தன் தலையில் சுமந்தவர். மலர் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. மலரை எழுதுவித்த என் மாமாமார் இவை எல்லாம் தெரிந்தவர்கள். கேட்டபோது மூத்தவர் சொன்னது: “அதெல்லாம் எழுதுற விசயமே தம்பி? வீட்டுக் கதை.”

இந்தப் பதிலில்தான் விளக்கம் இருக்கிறது. பெண் காசைக் கையாண்டாள் என்று எழுதினால் கணவனின் வருமானம் போதவில்லை என்று பொருள்படும். அவள் பேரம் பேசினாள் என்றால் ‘பண்பானவர்’ என்ற சொல் ஆட்டம் காணும். புகழுரை என்பது குடும்ப மானத்தின் மொழி. அது செயலைத் தணிக்கை செய்கிறது. செயலின் இடத்தில் குணத்தை வைக்கிறது. உறுதிகளைப் பாதுகாத்தாள் என்பதைப் ‘பொறுமையானவர்’ ஆக்குகிறது. கடன் கொடுத்தாள் என்பதை ‘இரக்கமுள்ளவர்’ ஆக்குகிறது. ‘தாய்’ என்ற பெயர்ச்சொல் இதில் எதையும் செய்யவில்லை. 1984இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் கைதான இளைஞர்களுக்காக அன்னையர் முன்னணியாகத் திரண்டு அரச அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோது அதே பெயர்ச்சொல்லைத்தான் சுமந்து போனார்கள். சொல்லுக்குள் செயலுக்கு இடம் இருந்தது.

ஒரு விதிவிலக்கையும் குறிப்பிட வேண்டும். அண்மைக்கால மலர்களில் செய்யுட் புலம்பல் குறைந்து, பேரப்பிள்ளைகள் சொந்தப் பெயரில் எழுதும் பத்திகள் கூடியிருக்கின்றன. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் சிலர் தமிழில் எழுத வராமல் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். புலவர் மரபு இதைக் கண்டு முகம் சுளிக்கும். எனக்கு அந்தப் பத்திகள்தான் பிடிக்கும். குடும்ப மானம் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே அம்மம்மா ரொறன்ரோவில் பனிக்குள் வெண்டிக்காய் நட்டு வைக்கப் பார்த்தார் என்றும், தொலைக்காட்சிச் சண்டையில் வென்றவனைத் திட்டினார் என்றும் எழுதிவிடுகிறார்கள்.

அடைப்புக்குறிக்குள் உலகம்

இனி உறவுப் பட்டியலுக்கு வருவோம். அது ஓர் உயிரற்ற வாய்பாடு என்று சொல்பவர்கள் அதைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

1960களின் நாளிதழ் அறிவித்தல் எளிது. ஓர் ஊர் பிறப்பிடம், இன்னோர் ஊர் வசிப்பிடம். பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் போகக்கூடிய தூரம். பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் உத்தியோகம்: ஆசிரியர், எழுதுவினைஞர், புகையிரத நிலைய அதிபர். 1983 இனக்கலவரத்துக்குப் பின் அந்த அடைப்புக்குறிக்குள் உத்தியோகம் மறைந்து நாடு வருகிறது: (ஜேர்மனி), (பிரான்ஸ்), (சுவிஸ்), (கனடா), (நோர்வே). பிறப்பிடம், வசிப்பிடம் என்ற இரண்டு இடமும் போதாமல், தற்காலிக வதிவிடம் என்ற மூன்றாவதும் சேர்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுக்கு முதல் இடம் தாங்கள் நெடுங்காலம் திரும்பிப் போக முடியாதிருந்த ஊர். கடலோரக் கீரிமலையும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனதால், தலைமுறைகளாக அங்கே அந்தியேட்டி செய்தவர்கள் வேறு கரை தேட வேண்டியிருந்தது. அறிவித்தல் இதைப் பற்றிக் குறை சொல்வதில்லை, கருத்தும் சொல்வதில்லை. ஊர்ப்பெயரை மட்டும் சொல்கிறது. ஆனால் போருக்குள் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகளில், மரண அறிவித்தல் நேரத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தியது இந்தப் பட்டியலுக்காகத்தான். யார் செத்தார் என்பதோடு யார் எங்கே உயிரோடு இருக்கிறார் என்பதையும் அது சொல்லியது.

புகழுரையில் போர் இல்லை. பட்டியலில் போர் இருக்கிறது. காரணம், பட்டியல் பெயர்களை எளிதில் விட முடியாது. பிள்ளையின் பெயரை விட்டால் அடுத்த நாள் வீடு இரண்டாகும். அந்தக் கட்டாயமே அதை நேர்மையாக்கியது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்போடு ஒப்பிட ஏதுமில்லை. ஆனால் மலர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கவில்லை. சிவபுராணம் இருப்பதால் சாமியறையில் இருந்தன. ஒரு வீட்டில் எரிந்தால் இன்னொரு வீட்டில் இருந்தது. பாரிசுக்குப் பயணப்பட்டவரின் பெட்டியிலும் போனது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு வெளியீடுகளுக்குத் தனி வகையே இருக்கிறது. வரலாற்றாசிரியர் யாரும் திட்டமிடாத, ஊர் ஊராகச் சேர்ந்த ஒரு குடித்தொகைப் பதிவேடு அது. அதைத் தேவார ஏடு என்று காப்பாற்றி வைத்தவர்களும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

‘காலஞ்சென்ற’

பட்டியலில் பெயர்களுக்கு முன்னால் வரக்கூடிய சொற்களில் ஒன்றுக்கு மட்டும் உண்மையான எடை உண்டு. அன்பு, ஆசை, பாசமிகு என்பவை ஓசைக்காக இடம் மாறும். ‘காலஞ்சென்ற’ மாறாது. பெற்றோருக்கு முன்னால் அது வருவது இயல்பு. பிள்ளையின் பெயருக்கு முன்னால் வந்தால், அந்தத் தாய் எதைப் பார்த்துவிட்டுப் போனாள் என்று வாசிப்பவருக்குத் தெரியும். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் வந்தாலும் அப்படியே.

இறந்ததும் தெரியாமல் இருப்பதும் தெரியாமல் போன பிள்ளைக்கு வாய்பாட்டில் சொல் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டமாக உட்கார்ந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அந்தப் பந்தலில் இருந்த தாய்மார் பலர் விடை தெரியாமலே இறந்தார்கள். அவர்களுக்கும் அறிவித்தல் எழுதத்தான் வேண்டும். அதில் அந்தப் பிள்ளையின் பெயர் வரத்தான் வேண்டும். ‘காலஞ்சென்ற’ என்று போடுவது தாய் மறுத்த ஒன்றை அவள் இறந்த மறுநாள் ஒப்புக்கொள்வது. போடாமல் விட்டால், உயிரோடு இருக்கிறார் என்று நாளிதழில் அறிவித்ததாகும். அரசு 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் இல்லாமற்போனதை மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தது. இந்த இடைவெளியை நிர்வாக மொழி ஒருவாறு ஒப்புக்கொண்டது. துக்கத்தின் மொழிக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவெடுக்கிறது.

எங்கள் குடும்பமும் எடுத்தது. என் கடைசி மாமா 1996இல் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் வெளியே போனவர். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் அப்படிப் போய் வராதவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஏழு ஆண்டு கழித்து அம்மம்மாவின் மலருக்குப் பட்டியல் எழுதியபோது, பெரிய மாமா ‘காலஞ்சென்ற’ என்று எழுதி, வெட்டி, மறுபடி எழுதினார். கடைசியில் வெறும் பெயராகவே அச்சகத்துக்குப் போனது. மற்ற நால்வருக்குப் பின்னாலும் அடைப்புக்குறி இருந்தது: (கனடா), (கொழும்பு), (நோர்வே), (கனடா). புரூஃப் திரும்பி வந்தபோது அச்சுக்கோத்தவர் கடைசி மாமாவின் பெயருக்குப் பின்னால் தானாகவே ஒரு வெற்று அடைப்புக்குறியைப் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் ‘ஊர்?’ என்று கேட்டிருந்தார். அம்மா அந்தக் கேள்வியை மட்டும் அடித்தார். அடைப்புக்குறியை விட்டுவிட்டார். மலரின் 41ஆம் பக்கத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.